ஆணியில் தொங்கிய மஞ்சள் டேப்

மணியக்காவின் இடுப்பளவு கல்யாணத்தன்று முப்பது இன்ச். அதற்குப் பிறகு உலகத்தில் என்னென்னவோ மாறிவிட்டது. தெருமுனை மரம் போய் விளக்குக் கம்பம் வந்தது, கம்பத்தில் கேமரா முளைத்தது, மாடியில் குடியிருக்கும் நாத்தனாருக்கு மூன்று பல் விழுந்து நான்கு பல் கட்டினார்கள். மணியக்காவின் முப்பது மட்டும் அசையவில்லை. வருஷா வருஷம் அவளை நிற்க வைத்து, டேப்பைச் சுற்றி, கண்ணை இடுக்கிப் பார்த்து, "முப்பது. நூலளவு பிசகல" என்று சொல்வது வேறு யாருமில்லை, அவள் கணவரேதான். அவர் தொழில் தையல். தெருவே அவரை டெய்லர் என்றுதான் கூப்பிடும். கூடப் பிறந்த அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

இந்த முப்பதை மணியக்கா சும்மா வைத்திருக்கவில்லை. நாலு பேர் கூடும் இடத்தில் எடுத்து விடுவாள். ஒருமுறை வெளியூரிலிருக்கும் தன் சொந்த அக்காவிடம், "உனக்கென்னக்கா, மூணு பிள்ளை பெத்தவ, உன்னை யாரு முப்பதுல நிக்கச் சொன்னா?" என்று ஆறுதல் சொன்னாள். அக்கா ஃபோனை வைத்தவள் வைத்தவள்தான்.

மணியக்கா என்பது அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பது அவள் வேலை. அலுவலகத்தில் கோப்பு எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் கேனை மாற்றுவது எல்லாம் உண்டு. ஆனால் பெயர் வாங்கிக் கொடுத்தது மணிதான். அவள் மணிக்கும் பள்ளிக்கு எதிரே இருக்கும் பேங்க் கடிகாரத்துக்கும் ஒருநாள் ஒரு நிமிஷம் வித்தியாசம் வந்ததாம். மேனேஜர் மறுநாள் காலையில் நேரில் வந்து வருத்தம் தெரிவித்துவிட்டு, கடிகாரத்தைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்பினாராம். மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார், இப்போது விசாரிக்க வழியில்லை.

தலைமை ஆசிரியை ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்ல ஆள் வேணும். உங்க பட்டத்துல ஒரே ஒரு பேப்பர் பாக்கின்னு சொன்னீங்களே, அதை முடிச்சிட்டு வாங்க" என்றார். பாக்கி நின்றது இயற்பியல். கல்யாணத்தோடு நின்றுபோனது. இப்போது அதை வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்து முடிக்கலாம், ஆனால் இந்த வருஷத்தோடு கெடு. அது தாண்டினால் பழைய பேப்பர்கள் எல்லாம் செல்லாது.

வகுப்புக்கு வெளியே நின்று மணி அடித்தது போதும், உள்ளே நின்று அந்த மணியைக் கேட்க வேண்டும் என்று மணியக்கா முடிவு செய்தாள். அன்றே பணம் கட்டிச் சேர்ந்தாள்.

பாடம் எடுத்தவருக்கு மியூட் சார் என்று பெயர். வகுப்பு தொடங்கியதும் மைக்கைப் போட மறந்து வெகுநேரம் ஆர்வமாகப் பேசுவார். மாணவர்கள் பாதி இயற்பியலை அவர் உதட்டைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். மற்றபடி நல்ல மனிதர். விடை தப்பாக இருந்தால் திட்ட மாட்டார். "ஏன்?" என்று ஒரு வார்த்தை எழுதித் திருப்பி அனுப்புவார். திட்டே தேவலாம் என்று எல்லோருக்கும் தோன்றும்.

எல்லாப் பாடத்தையும் கரையேற்றி அவள் கடைசி ஒப்படைப்புக்கு வந்து சேர்ந்தாள். ஊசல் சோதனை. கூரைக் கொக்கியிலிருந்து ஒரு நூல், நூல் நுனியில் ஒரு கனம். நூலின் நீளத்தை அளந்துகொண்டு, ஆட்டிவிட்டு, இருபது ஆட்டத்துக்கு எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கணக்குப் போட்டால் பூமி நம்மை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று தெரிந்துவிடும். பூமி யாருக்கும் சலுகை காட்டாது. விடை ஒன்பது புள்ளி எட்டை ஒட்டி வர வேண்டும். அறிக்கையோடு வீடியோவும் ஏற்ற வேண்டும். மூன்று தடவை அனுப்பலாம். மூன்றாவதும் திரும்பி வந்தால் பாடம் போச்சு, பட்டம் போச்சு, சின்ன வகுப்பும் போச்சு.

வீட்டின் முன்னறைதான் தையல் கடை. அங்கேதான் மின்விசிறிக்காகப் போட்டு, விசிறி மாட்டாமலே விட்ட கொக்கி ஒன்று இருந்தது. மணியக்கா ஸ்டூலைப் போட்டு ஏறிக்கொண்டு கை நீட்டினாள்.

"என்னங்க, கழுத்துல இருக்கிற டேப்பைக் கொஞ்சம் குடுங்க."

"இது தொழில் டேப். இது கழுத்தை விட்டு இறங்கினா எனக்குக் கை ஓடாது. ஆணியில மஞ்சள் ஒண்ணு தொங்குது பாரு. அதை எடுத்துக்கோ."

டெய்லரிடம் இரண்டு டேப். கழுத்தில் கிடந்த வெள்ளை துணியை அளக்க, ஆணியில் தொங்கிய மஞ்சள் ஆளை அளக்க. அது அவர் தொழில் முறை. சமையல்காரர் கரண்டிகளை மாற்ற மாட்டார் அல்லவா, அப்படித்தான் இதுவும் என்று எல்லோரும் நினைத்தார்கள், நினைத்ததோடு விட்டுவிட்டார்கள்.

மஞ்சள் டேப்பில் நூறு சென்டிமீட்டர் அளந்து நூலைக் கட்டினாள். நுனியில் பழைய பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டாள். கணக்குப் போட்டாள். ஒன்பது புள்ளி ஒன்று வந்தது.

மறுபடி போட்டாள். மறுபடியும் ஒன்பது புள்ளி ஒன்று.

"என்னங்க, எட்டு வரணும். ஒண்ணு வருது."

டெய்லர் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினார். கொக்கியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், மஞ்சள் டேப்பைப் பார்த்தார். வாயிலிருந்த குண்டூசியை எடுத்து ஊசி மெத்தையில் குத்திவிட்டு, "நம்ம வீட்ல புவியீர்ப்பு கம்மியோ என்னவோ" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். அதைக் கேட்டுக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்த நாத்தனார் சிரிக்கவில்லை. நாத்தனார் எந்தச் செய்தியையும் வீணாக்க மாட்டாள்.

"அப்படிச் சொல்லுடா டெய்லர். அதான் எனக்கு இங்க வந்தா முழங்கால் வலிக்கறதில்ல."

சாயந்திரத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு கேஸ் சிலிண்டர்காரர் ஒரு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே ஒருமுறை, உள்ளே ஒருமுறை எடை பார்த்துவிட்டு, "உள்ள வந்தா கொஞ்சம் லேசாத்தான் இருக்கு" என்று சாட்சி சொன்னார். மாவு அரைக்கிறவர் தன் மூட்டைகளை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். டெய்லர் எல்லோருக்கும் தலையாட்டினார். மற்ற நாள்களை விடக் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினார்.

மணியக்கா முதல் தடவை அனுப்பினாள். திரும்பி வந்தது. "நேரத்தைச் சரியாக எடுத்தீர்களா?" என்று கீழே எழுதியிருந்தது.

வேறு யாரைக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. மணியக்காவின் நேரத்தையா? அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். முதலில் கோபம் வந்தது. அப்புறம், கோபம் ஆறின இடத்தில், ஒரு சின்ன சந்தேகம் வந்து உட்கார்ந்தது. ஒருவேளை கை தாமதிக்கிறதோ? கண் பார்த்ததைக் கை பிடிக்கிறதற்குள் கொஞ்சம் நழுவுகிறதோ?

சந்தேகம் பள்ளிக்கூடம் வரை கூடவே வந்தது. ஒருநாள் கடைசி மணிக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து நின்றவள், கை தாமதமாகும் என்று தானே முன்கூட்டிக் கணக்குப் போட்டு, நேரமாவதற்கு முன்பே அடித்துவிட்டாள். பிள்ளைகள் தெருவில் கொட்டினார்கள். ஸ்கூல் பஸ் இன்னும் வரவில்லை. அந்த மணியை நம்பி பேங்கில் அவசரமாக ஷட்டரை இறக்கியதில் ஒரு வாடிக்கையாளர் உள்ளேயே மாட்டிக்கொண்டார். தலைமை ஆசிரியை தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். அது மணியக்காவுக்கு இன்னும் வலித்தது.

வீட்டுக்கு வந்து சொன்னாள். "இன்னைக்கு மணியைத் தப்பா அடிச்சிட்டேன்."

டெய்லர் ஒரு சட்டையின் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். ஊசி நின்றது. "மனுஷன்னா தப்பு வராதா?" என்றார். ஊசி மறுபடி நடந்தது.

இரண்டாவது தடவைக்கு அவள் எல்லாவற்றையும் மாற்றினாள். நூலை மாற்றினாள். பூட்டுக்குப் பதில் கத்தரிக்கோல், கத்தரிக்கோலுக்குப் பதில் பாபின் டப்பா. ஜன்னலைச் சாத்தினாள். நாத்தனாரை மாடியிலேயே நிற்கச் சொன்னாள். எதைத் தொங்கவிட்டாலும் ஒன்பது புள்ளி ஒன்றுதான் வந்தது. கூடப் படித்தவர்களில் பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். அவர் ஃபோனில், "அக்கா, நீங்க ஏன் அளக்கறீங்க? எட்டை முதல்ல எழுதிட்டு, அங்கேர்ந்து பின்னாடியே வாங்க. நான் டிக்கெட் கணக்கே அப்படித்தான் முடிப்பேன்" என்று வழி சொன்னார். அவள் ஒப்பவில்லை. கண்ணால் பார்த்ததை எழுதினாள். அதுவும் திரும்பி வந்தது. இந்தத் தடவை பழைய வார்த்தை: "ஏன்?"

அந்த வார வகுப்பில் மியூட் சார் கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துவிட்டு, மைக்கைப் போட்டு, அவளையே நேராகக் கேட்டார்.

"அம்மா, உங்க விடை தப்பா இருக்கறது பிரச்சினை இல்ல. எத்தனை தடவை பண்ணாலும் ஒரே தப்பு வருது. கை தப்பு பண்ணா ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். இது எப்பவும் ஒரே அளவாக் குறையுது. ஏதோ ஒரு கருவி உங்ககிட்ட பொய் சொல்லுது. எதைக் கொண்டு நீளம் அளந்தீங்க?"

"டேப்புல சார்."

"டேப் சரியான டேப்பா?"

மணியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. "சார், எங்க வீட்டுக்காரர் டெய்லர். இது அவர் டேப்."

அதற்கு மேல் ஒரு சான்று வேண்டுமா என்பது மாதிரி சொன்னாள். முப்பது நாற்பது பேர் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றதை அவள் கவனிக்கவில்லை. கண்டக்டர் கவனித்தார் என்று பின்னால் தெரிந்தது.

"சரி" என்றார் சார். "எதுக்கும் ஒண்ணு பண்ணுங்க. பிரிண்ட் எடுக்கிற ஏ-ஃபோர் பேப்பர் இருக்குல்ல, அது உலகம் பூரா ஒரே நீளம். இருபத்தொன்பது புள்ளி ஏழு சென்டிமீட்டர். டேப்பை அதுமேல வெச்சுப் பாருங்க."

வகுப்பு முடிந்ததும் வைத்துப் பார்த்தாள். பேப்பர் இருபத்தேழு புள்ளி ஆறுதான் இருந்தது. வேறொரு பேப்பரை எடுத்தாள். அதுவும் அதேதான்.

"என்னங்க, பேப்பர் ரெண்டு சென்டிமீட்டர் குறையுது."

டெய்லர் மிஷினை விட்டு எழுந்து வந்தார். பேப்பரைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, துணி பார்க்கிற மாதிரி விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இப்பல்லாம் பேப்பர்லயே திருடறானுங்க. ஓரத்துல கொஞ்சம் கொஞ்சம் வெட்டி மிச்சம் பிடிப்பான். கடைக்காரன் உன் தலையில மொளகா அரைச்சிருக்கான், போய் நல்லாக் கேளு."

அவள் போனாள். பேப்பர் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மஞ்சள் டேப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு போனாள்.

கடையில் கூட்டம். பேப்பர் கடைக்காரர் சாந்தமான ஆள். யார் சண்டைக்கு வந்தாலும் முதலில் உட்காரச் சொல்வார். மணியக்கா உட்காரவில்லை. டேப்பை விரித்து, பேப்பரை விரித்து, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "இது என்ன கணக்குன்னு நீங்களே பாருங்க" என்றாள்.

கடைக்காரர் பார்த்தார். மேஜை இழுப்பறையிலிருந்து இரும்பு ஸ்கேல் ஒன்றை எடுத்தார். பேப்பர் மேல் வைத்தார். இருபத்தொன்பது புள்ளி ஏழு. பிறகு ஸ்கேலை டேப்பின் பக்கத்தில் வைத்தார். ஸ்கேல் முப்பதைத் தொட்டபோது டேப் இருபத்தெட்டைக்கூடத் தொடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நின்றது.

"டேப்பு எங்க வாங்கினதும்மா?"

"வீட்ல இருந்தது" என்றாள் மணியக்கா. குரல் பாதியில் இறங்கிவிட்டது.

கடைக்காரர் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகமும் மெல்ல மாறியது.

"போன மாசம் உங்க வீட்டுக்காரர்தான் எனக்கு பேண்ட் தச்சார். இந்த டேப்புலதான் அளந்தார். ரெண்டு இன்ச் இறங்கியிருக்கீங்கன்னார். நான் அன்னைக்கே வீட்டுக்கு கேக் வாங்கிட்டுப் போனேன்."

ஸ்கேலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். கூட்டத்தில் ஒருவர் தன் பேண்ட் இடுப்பை மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் மழைக்காலத்தில் மஞ்சள் டேப்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நுனியில் இஸ்திரிப்பெட்டியைக் கட்டி, இந்தக் கொக்கியிலேயேதான் தொங்கவிடுவார். "சுருக்கம் போகட்டும்" என்பார். அவளே ஒருமுறை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரமே, "வா, அளவெடுக்கலாம்" என்று கூப்பிடுவார். முப்பது. நூலளவு பிசகல. நூல் எங்கே பிசகும், டேப் அல்லவா பிசகியிருக்கிறது.

வீட்டுக்குள் வந்து டேப்பை அதன் ஆணியிலேயே மாட்டினாள். பேப்பர் கட்டை வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னான்?" என்றார் டெய்லர், தலையைத் தூக்காமல்.

"அவர்கிட்ட இரும்பு ஸ்கேல் இருக்கு."

மிஷின் நின்றது.

"துணி டேப்புதானே" என்றார் சிறிது கழித்து. "மழைக்குக் கொஞ்சம் இளகும்."

"மழை வந்து இஸ்திரிப்பெட்டியைக் கட்டித் தொங்கவிடுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"உனக்காகத்தான் பண்ணேன். கல்யாணமாகி மறு வருஷம் அரை இன்ச் கூடியிருந்தே. வெகுளியாச் சொல்லிட்டேன். அன்னைக்கு நீ சாப்பிடல. மறுநாளும் சாப்பிடல. தப்பா அளந்துட்டேன்னு சொல்லிச் சமாளிச்சேன். அடுத்த வருஷம் முன்னெச்சரிக்கையா டேப்பை ஊறப்போட்டேன்."

"அப்ப நான் கூடக் கூட அதுவும் கூடிட்டே வந்திருக்கு."

"கூடவேதான்."

"கஸ்டமருங்க?"

"அவங்களுக்கு அது உபரி. சந்தோஷமாப் போனாங்க, நான் என்ன பண்ண? துணியை வெள்ளையிலதான் வெட்டுவேன். வாயில ஒரு அளவு, கத்தரியில ஒரு அளவு. ஒரு துணி இறுக்கினதுன்னு இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல."

அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"நெஜத்துல எவ்வளவு?"

"எது?"

"என் இடுப்பு. வெள்ளை டேப்புல."

அவர் கொக்கியைப் பார்த்தபடி சொன்னார். "முப்பத்திரண்டேகால்."

மணியக்கா காத்திருந்தாள். அவர் முகத்தில் இருந்த குற்ற உணர்வைப் பார்த்தால் நாற்பதாவது இருக்கும் என்று நினைத்திருந்தாள். மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை.

"ரெண்டேகால் இன்ச்" என்றாள். "ரெண்டேகால் இன்ச்சுக்காகவா என்னை ஃபெயிலாக விட்டீங்க?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"குடுக்கும்போது தோணல. சத்தியமா. ஒன்பது புள்ளி ஒண்ணுன்னு நீ சொன்னப்பதான்."

"அதாவது முதல் நாளே."

அவர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"புவியீர்ப்பு கம்மின்னு முதல்ல சொன்னது யாரு?"

"நான்தான்."

"பேப்பர்ல திருடறானுங்கன்னு சொன்னது?"

"அதுவும்."

"நான் சார்கிட்ட சொன்னேன்" என்றாள் அவள். அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் டெய்லருக்கு பயமாக இருந்தது. "அத்தனை பேர் நடுவுல, எங்க வீட்டுக்காரர் டேப்புன்னு சொன்னேன். நீங்க பின்னாடி உக்காந்து கேட்டுட்டு இருந்தீங்க. நூலைச் சந்தேகப்பட்டேன், பூட்டைச் சந்தேகப்பட்டேன், பூமியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில என் கையைச் சந்தேகப்பட்டேன். மணியைத் தப்பா அடிச்சிட்டு வந்து நின்னேன். அப்பவும் காஜா எடுத்துட்டு இருந்தீங்க. இத்தனை வருஷத்துல நான் சந்தேகப்படாத ஒரே சாமான் அந்த ஆணியில தொங்கிட்டு இருந்தது."

டெய்லர் கழுத்திலிருந்த வெள்ளை டேப்பைக் கழற்றினார். இறங்கினால் கை ஓடாது என்று சொன்னாரே, அதே டேப். மேஜை மேல், அவள் பக்கமாக வைத்தார்.

"இதை வெச்சு அளந்துக்கோ. இது சரியா இருக்கும்."

"அதையும் நீங்கதானே சொல்றீங்க" என்றாள் மணியக்கா.

மூன்றாவது தடவைக்கு அவள் டேப்பே எடுக்கவில்லை. மூன்று பேப்பரை நீளவாக்கில் இடைவெளி விடாமல் தரையில் ஒட்டினாள். அந்த நீளத்துக்கு நூல் கட்டினாள். நாத்தனார் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பூமிக்குப் பேப்பர் சட்டையா?"

"அளவு எடுக்கறேன் அண்ணி."

"டேப் இருக்கே."

"இருக்கு."

ஊசலை விட்டாள். இருபதை எண்ணி முடித்து, கணக்குப் போட்டாள். ஒன்பது புள்ளி ஏழு ஒன்பது.

"எட்டு வந்திருச்சா?"

"வந்திருச்சு."

"அப்ப நம்ம வீட்ல இழுப்பு?"

"எல்லா வீட்லயும் இழுக்கிற மாதிரிதான் இழுக்குது."

நாத்தனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நாலு நாளா நிம்மதியா இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே நொண்டி நொண்டி மாடி ஏறினாள். எதிர்வீட்டு சிலிண்டர்காரரும் அன்றிலிருந்து சிலிண்டர் கனக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்.

அறிக்கையில் கடைசிப் பகுதிக்குத் தலைப்பு, பிழைக்கான காரணம். மணியக்கா அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். 'டேப் நீண்டிருந்தது' என்று எழுதினாள். ஏன் என்று சார் கேட்பாரே. 'டேப்பை ஊறவைத்துக் கனம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்' என்று சேர்த்தாள். அதற்கும் ஏன் என்று கேட்பார். 'என் கணவருக்கு இது முதல் நாளே தெரியும். அவர் சொல்லவில்லை' என்று எழுதி, பழைய அறிக்கைகளில் இருந்த நீளங்களை எல்லாம் இரும்பு ஸ்கேல் கணக்குக்கு மாற்றிக் காட்டினாள். மாற்றினதும் எல்லாம் ஒன்பது புள்ளி எட்டுக்கு வந்து நின்றன. அவள் ஒரு தடவைகூடத் தப்பாக அளந்திருக்கவில்லை. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

கெடு முடியும் நாளன்று பதில் வந்தது. "காரணம் ஏற்கப்பட்டது. தேர்ச்சி. இனி எந்தக் கருவியையும் பயன்படுத்துவதற்கு முன் சரிபார்க்கவும். கணவர் பற்றிய வாக்கியம் அறிக்கைக்குத் தேவையில்லை. ஆனால் நான் அதை நீக்கவில்லை."

சின்ன வகுப்பில் பாடம் சொல்லும் வேலை கிடைத்தது. முதல் நாளுக்குப் புது பிளவுஸ் வேண்டும். டெய்லர் அவளுக்குத் தெரியாமல் துணி வாங்கி, மேஜை மேல் மடித்து வைத்திருந்தார். மணியக்கா அந்தத் துணியை எடுத்துக்கொண்டு, அவர் கண் முன்னாலேயே படியிறங்கி, தெருக்கோடியில் இருக்கும் இன்னொரு டெய்லர் கடைக்குப் போனாள். தெருவில் எல்லா ஜன்னலும் திறந்தன. சொந்தப் புருஷன் டெய்லராக இருக்க இன்னொருவரிடம் அளவு கொடுப்பது சின்ன விஷயமா? டெய்லரின் மிஷின் சத்தம் அன்று மதியம் முழுக்கக் கேட்கவில்லை.

அந்தக் கடை டெய்லர் ஆடிப் போய்விட்டார். தன் மனைவியைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொன்னார். அந்தம்மா பச்சை டேப் ஒன்றை ஆணியிலிருந்து எடுத்து, இடுப்பில் சுற்றி, பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

"இருபத்தொன்பது."

மணியக்கா துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். டெய்லர் வாசலிலேயே நின்றிருந்தார். கேட்கக் கூடாது என்று நின்றவர், கேட்டுவிட்டார்.

"அங்க என்ன சொன்னாங்க?"

"இருபத்தொன்பது."

டெய்லர் அதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் போட்டுப் பார்த்தார்.

"நான் அந்த அளவுக்குப் போகல" என்றார்.

மணியக்கா அவர் கழுத்திலிருந்த வெள்ளை டேப்பைத் தானே உருவிக்கொண்டு உள்ளே போனாள். மேஜையில் ஒரு பேப்பரை விரித்து, டேப்பை அதன் மேல் நீட்டிப் பார்த்தாள். இருபத்தொன்பது புள்ளி ஏழு. பிசகில்லை. டேப்பைப் பின்னாலேயே வந்தவர் கையில் கொடுத்து, நேராக நின்றாள்.

"எடுங்க."

அவர் அளந்தார். "முப்பத்திரண்டேகால்" என்றார். வாயிலும் கத்தரியிலும் ஒரே அளவாக அவர் சொன்னது அன்றுதான்.

பிளவுஸை அவரே தைத்தார். நன்றாகத்தான் இருந்தது. மணியக்கா அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் நின்று, வெளியே வேறு யாரோ அடித்த மணியைக் கேட்டாள். கொஞ்சம் தாமதம் என்று அவளுக்குத் தோன்றியது. தன் கையைச் சந்தேகப்படவில்லை, மணியைத்தான்.

அதற்கப்புறமும் திரைச்சீலைக்கோ மேஜை விரிப்புக்கோ டேப் வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்பாள். அவரும் உடனே கழுத்திலிருந்து கழற்றிக் கொடுப்பார். அவள் வாங்கியதும் முதலில் ஒரு பேப்பரை எடுத்து, அதன் மேல் வைத்துப் பார்ப்பாள். அவர் மிஷினில் குனிந்தபடி, ஓட்டுகிற மாதிரி காலை மட்டும் மிதித்துக்கொண்டிருப்பார். டேப் சரியாகத்தான் இருக்கும். அடுத்த தடவையும் வைத்துப் பார்ப்பாள்.